தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சர்

அவரைப் பற்றி எழுதச் சொல்லி என் மகள்தான் கேட்டாள். கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பாள். "அம்மா, அவவோட ஒரே ஹோலில படிப்பிச்சது நீங்கள்தானே. நீங்கள் எழுதினால்தான் சரியாயிருக்கும்" என்றாள். அவளுடைய அம்மா நானும் முப்பது வருடம் படிப்பித்தவள்தான். என்னைப் பற்றி எழுதுகிறேன் என்று மகள் இதுவரை சொன்னதில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வராது. எழுத்தில் 'அவர்' என்று மரியாதைக்குப் போடுகிறேன். மனசுக்குள் இத்தனை வருடமும் 'அவள்'தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. நீண்ட மண்டபம் ஒன்றை ஆளுயரப் பலகைத் தட்டிகளால் மறைத்து வகுப்புகளாக்கியிருந்தார்கள். நாலாம் வகுப்பு ஏ பிரிவு அவருக்கு, பி பிரிவு எனக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சினாலும் இந்தப் பக்கம் கேட்கும். ஆசிரியரின் பிள்ளை அவருடைய வகுப்பிலேயே இருக்கக்கூடாது என்று அதிபர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதனால் என் மைதிலி ஏ பிரிவுக்குப் போனாள். அது யுத்த காலம். வடக்குக்குப் போகும் பாதையைப் பூட்டியதில் என் கணவர் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் பெரிய காரியம். கொழும்பில் எனக்கென்று இருந்தது மைதிலி மட்டும்தான். அவளையும் கொண்டுபோய் அந்த மனுஷியின் கையில் கொடுத்தேன்.

நெட்டையான, ஒல்லியான மனுஷி. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, ஆசிரியையாகி, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டுவார். அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. கரும்பலகைக்குப் பக்கத்திலும் அதிகம் நிற்கமாட்டார். எழுத வேண்டியதை எழுதிவிட்டு நேரே போய்ப் பின்சுவரோடு சாய்ந்துகொள்வார். பிள்ளைகள் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பித்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் அறையில் நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் நாலைந்து பேர் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவோம். அவர் யன்னலோரம் தனியாகச் சாப்பிடுவார். கூப்பிட்டிருக்கலாம். நாங்கள் கூப்பிடவில்லை.

கிழமைக்கு இரண்டு நாளாவது பிந்தித்தான் வருவார். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி, இருப்பதோ கொட்டாஞ்சேனையில். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கி வைத்துக் கேள்வி கேட்க அது போதும். முதல் முறை அவர் பிந்திய காலையில் அதிபர் பிரம்போடு மண்டபத்துக்குள் வருவதைக் கண்டேன். இன்றைக்கு ஏ பிரிவுக்குப் பூசைதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். திக்குவாய்ப் பையன் ஒருவன் பலகையில் திகதி எழுதி, நாலு கணக்கும் எழுதிப் போட்டுவிட்டு, டீச்சர் மாதிரியே பின்சுவரோடு நின்றுகொண்டிருந்தான். மற்றப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் செய்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர் எங்க?" என்றார் அதிபர்.

"இ... இன்னும் வரேல்ல சேர். நா... நாங்கள் தொடங்கிட்டம்."

அதிபர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினார். அந்த நேரம் பார்த்து, ஆசிரியை முழுசாக நின்றுகொண்டிருக்கும் என் வகுப்பில் இரண்டு பேர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய ஏற்பாடு இதுதான். கெட்டிக்காரப் பிள்ளை, வாட்டசாட்டமான பிள்ளை என்று பார்ப்பதில்லை. வரவு இடாப்பில் பெயர் இருக்கும் ஒழுங்கில் கிழமைக்கு ஒரு பிள்ளை தலைவர். வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். பட்டி கிடையாது, பட்ஜ் கிடையாது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மொனிட்டர் என்றால் வரிசைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். இவருடைய வகுப்பில் தலைவர் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாயடியிலும் கடைசி, சாப்பாட்டுப் பெட்டி திறப்பதிலும் கடைசி, வீட்டுக்குப் போவதிலும் கடைசி.

"இதென்ன டீச்சர் புதினமாயிருக்கு? தலைவரைக் கொண்டுபோய் வால்ல விட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"முன்னுக்கு நின்னா ஒருத்தரயும் தெரியாதுங்க டீச்சர். பின்னுக்கு நின்னாத்தான் யாரு கொறயுறாங்கன்னு தெரியும்."

"இதை எந்தப் புத்தகத்தில படிச்சனீங்கள்?"

"படிக்கலிங்க. நான் நெட்டச்சி. ஸ்கூல்ல எப்பவும் என்னய கடைசிலதான் நிக்க வைப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. எது நடந்தாலும், "இப்ப என்னா செய்யலாம்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம்தான் எனக்குப் பிடிக்காதது. ஒருநாள் நல்ல மழை, மண்டபத்துக் கூரை ஒழுகத் தொடங்கியது. நான் காவலுக்கு நின்ற வோச்சரைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவருடைய கேள்வி கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு மேசைகளை இழுக்கும் சத்தம். வோச்சர் வாளியோடு வந்து சேர்வதற்குள் அவர்கள் ஒழுக்குக்கு வெளியே வட்டமாக இருந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு சட்டியோடு என் பக்கம் வந்து, "டீச்சர், உங்கட பக்கம் எங்க ஒழுகுது?" என்று கேட்டார்கள். ஒருத்தி என் மகள். என் வகுப்புக்கு முன்னால், வெளி ஆளைப் போல, என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள்.

தலைமைத்துவப் பண்பு வளர்த்தல் பற்றிக் கருத்தரங்கு ஒன்று வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் ஒன்பது பக்கக் குறிப்பு எடுத்தேன். அவர் மத்தியானத்துக்குப் பிறகு நல்ல நித்திரை. வந்ததும் நான் மட்டையில் பட்ஜ் வெட்டி, மினுங்கல் கடதாசி ஒட்டி, என் வகுப்பிலேயே பெரிய பொடியனைத் தெரிந்தெடுத்து அவன் நெஞ்சில் குத்திவிட்டேன். அவனைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் அடங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். அடங்கத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் இடைவேளை முடிந்து வந்து பார்க்கிறேன், வகுப்பு வாசலில் இரண்டு கதிரையைக் குறுக்கே போட்டு ஒரு ஆள் மட்டும் போகிற இடைவெளி விட்டிருக்கிறான். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பேக் எக்க அரின்ட" என்று சிங்களத்தில் அதட்டிப் பையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு கொப்பியாக உதறிப் பார்க்கிறான். அப்பியாசக் கொப்பி ஒன்றில் தன் பெயர் எழுதாமல் இருந்த ஒரு சின்னப் பெட்டையைத் தனியாகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருந்தான். அவள் அழவும் இல்லை. பழகிய மாதிரி நின்றாள்.

நான் பட்ஜைப் பிய்க்கக் கையை நீட்டியபோது தட்டிக்கு மேலால் அவருடைய தலை தெரிந்தது. அந்த உயரத்துக்கு அவர் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை.

"அவன ஏசாதீங்க டீச்சர். பாத்தத தான செய்யிறான்" என்றார்.

ஏளனமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். உண்மையான இரக்கத்தோடு சொன்னார். அது அவனுக்கு மட்டும் பட்ட இரக்கமில்லை என்று எனக்குத் தோன்றியது. பிடிவாதமாகப் பட்ஜை அவன் நெஞ்சிலேயே விட்டுவிட்டேன்.

வீட்டிலும் அவர்தான். "டீச்சர் சொன்னவ", "டீச்சர் இப்பிடிச் செய்யமாட்டா" என்று காலையிலிருந்து படுக்கும்வரை அதே புராணம். ஒரு மாலை, சோறு பாதி வேகும்போது காஸ் முடிந்துவிட்டது. கையில் வேறு சிலிண்டர் இல்லை, கணவரின் கடிதமும் வரவில்லை, எல்லாம் சேர்ந்து குசினி நிலத்தில் இருந்து அழத் தொடங்கினேன். மைதிலி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, இப்ப என்ன செய்யலாம்?" என்றாள். கேட்டுவிட்டு அவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, எழும்பி முதுகில் ஒன்று போட்டேன். அவள் அழாமல் போய்ப் பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இரவல் கேட்டு வாங்கி வந்தாள். சாப்பிடும்போது எனக்குப் போட்டுவிட்டுத் தனக்குக் கடைசியாகப் போட்டாள்.

ஆசிரியர் தினத்துக்கு அவள் இரண்டு வாழ்த்து மட்டை செய்தாள். அவருக்குச் செய்ததில் நாலு நிறத்தில் பூ. எனக்குச் செய்ததில் இரண்டு நிறம். ஒன்பது வயதுப் பிள்ளையின் மட்டையில் நிறம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனால் எண்ணினேன்.

அடுத்த கிழமை அதிபரிடம் போனேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது, பெற்றோர் முறைப்படுகிறார்கள், டீச்சர் பிந்தி வருவதை மறைக்கத்தான் இந்தத் தலைவர் விளையாட்டு என்றேன். பெற்றோர் ஒருவரும் முறைப்படவில்லை. பிரம்பைப் பின்னால் மறைத்த அதே அதிபர், பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துபோனார். டீச்சரைக் கூப்பிட்டு, இனித் தலைவரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சரிங்க சேர்" என்று அவர் நிறுத்திவிட்டார்.

பிள்ளைகள் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்தது. ஏ பிரிவு வரிசையின் வாலில் அந்தக் கிழமை முறை வரவேண்டிய பிள்ளை தானாகப் போய் நின்றது. அடுத்த திங்கள் அடுத்த பிள்ளை. யாரும் இடாப்பைப் பார்க்கவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. அவர் பின்சுவரோடு நின்று தன் உள்மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோள் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தினமும் "வணக்கம் டீச்சர்" என்றார். இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு போயிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குண்டு வெடித்த அன்று மைதிலியின் முறை. காலை பத்து மணி இருக்கும். அவர் இன்னும் வந்து சேரவில்லை. கொழும்புக் கோட்டைப் பக்கம் எங்கோ ஒரு கனத்த சத்தம். யன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. சற்று நேரத்தில் கூரைகளுக்கு மேலால் வடக்கே கறுப்பாகப் புகை எழும்பியது. காலி வீதியில் ஹோர்ன் சத்தமும் ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டன. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. முப்பத்துநாலு பிள்ளைகளையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டுத் தட்டியைச் சுற்றி ஓடினேன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் இல்லை. வெளியே ஓடினேன். பின்மதிலோரம், குழாயடியில், ஏ பிரிவு வரிசையாக நின்றது. வாலில் என் மகள்.

"வா, வீட்ட போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் வரேலாது அம்மா. ஒருத்தரும் இன்னும் போகேல்ல."

"விசர்க் கதை கதைக்காத. உங்கட டீச்சரே வரேல்ல."

"அதுதானே அம்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "உங்கட வகுப்பில இப்ப ஆர் நிக்கிறது?"

குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. யாரோ நிற்பார்கள் என்று நம்பிக்கொண்டு, யார் என்று அறியத்தான் கேட்டாள். நான் அவள் கையை விட்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது தாய்தகப்பன்மார் உள்ளே நுழைந்துவிட்டார்கள். மேசைகள் புரண்டு கிடந்தன. யாரோ யாரையோ இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பெயர் பெயராகக் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் வகுப்பு வெறுமையாகிவிட்டது. எத்தனை பேர் போனார்கள், யாரோடு போனார்கள், எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை யாரோடு போனது என்று தெரியாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. கதிரையில் இருந்தேன்.

மத்தியானம் தாண்டி, தன் வரிசை கரைந்து தான் மட்டும் மிஞ்சிய பிறகு மைதிலி வந்தாள்.

"அம்மா, இடாப்பைத் தாங்கோ."

கொடுத்தேன். படலை வாசலுக்குப் போய் வோச்சரிடமும், மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிடமும் ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பென்சிலால் அடையாளம் போட்டாள். எவ்வளவு நேரம் எடுத்ததோ. வந்து, "முப்பத்திமூண்டு பேர் போயிட்டினம். ஒராள் குறையுது" என்றாள். பட்ஜ் குத்திய என் பெரிய பொடியன். அவள் நின்று யோசித்துவிட்டு மண்டபத்து மேடையடிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். மேடைக்குக் கீழே, இருட்டில், நனைந்த காற்சட்டையோடு அவன் சுருண்டு கிடந்தான். நான் கூப்பிட்டதற்கு அசையவில்லை. மைதிலி நிலத்தில் படுத்துக்கொண்டு, "என்னோட கேற் மட்டும் வாறியா? எனக்குத் தனியப் போகப் பயமாயிருக்கு" என்றாள். அவன் வெளியே வந்தான். அவனுடைய மாமா வந்து கூட்டிப்போகும்வரை இரண்டு பேரும் படலையடியில் நின்றார்கள்.

மூன்றரைக்கு மேல் அவர் வந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. சேலை முழங்கால்வரை புழுதி. வீதிகளை மூடிவிட்டார்களாம். பொரளைக்குப் போய், கிருலப்பனையால் சுற்றி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைவரை நடந்தே வந்திருக்கிறார். பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். எந்தப் பிள்ளையும் இருக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மைதிலி அவரைக் கண்டதும் ஓடினாள். அவருடைய சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். என் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தாள், அப்போது அழவில்லை. அவளுடைய பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். ஊர் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நம்ம வகுப்பு?" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"முப்பத்தொரு பேரும் போயிட்டினம் டீச்சர். நான்தான் கடைசி."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒங்க வகுப்பு டீச்சர்? எல்லாரும் பத்திரமா போய்ட்டாங்களா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். மைதிலி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்.

"ஓம் டீச்சர். முப்பத்திநாலு பேரும் போயிட்டினம். அம்மாதான் எண்ணினவ. ஒரு பொடியன் மேடைக்குக் கீழ ஒளிச்சிருந்தவன். அவனையும் அம்மாதான் தேடிப் பிடிச்சவ."

என் இடாப்பு அவள் கையில்தான் இருந்தது. பக்கம் முழுக்கச் சின்னப் பிள்ளையின் கோணல் பென்சில் அடையாளங்கள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லதுங்க டீச்சர்" என்றார்.

அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். மைதிலி அதுவரை அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்பதும் தெரியும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கூனிக் குறுகித்தான் நின்றேன். ஆனாலும், இவ்வளவும் எழுதிவிட்டு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும், அந்த வெட்கத்துக்குள்ளும் "பாத்தீங்களா டீச்சர், இவள் என்ர பிள்ளை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் துடித்தது.